பெயரோடு திரும்புதல்

வன்னி: காடும் களமும் - தொடர் 12

சென்ற இதழில், 1997 மே 13 அன்று தொடங்கிய ஜயசிக்குறு படை நடவடிக்கை நெடுங்கேணியை எப்படி ஆளற்ற ஊராக்கியது என்று பார்த்தோம். ஓர் அணி வவுனியாவிலிருந்து கண்டி வீதி வழியே வடக்கே நகர்ந்தது. மற்றது மணலாற்றுப் பக்கமிருந்து காட்டை ஊடறுத்து நெடுங்கேணிக்கு வந்தது. சில நாள்களில் சந்தி படையினர் கையில். வயலையும் கால்நடையையும் விட்டுவிட்டுச் சனம் வடக்கே இடம்பெயர்ந்தது. 1999 நவம்பர் தொடக்கத்தில் ஓயாத அலைகள் 3 நடவடிக்கையில் முதலில் ஒட்டுசுட்டானும் அடுத்து நெடுங்கேணியும் புலிகளிடம் வீழ்ந்தன. 2008 இறுதியில் ஊர் மறுபடியும் படையினர் வசமானது.

இப்படிக் கை மாறிய ஒரு நிலத்தில், வெடியோசை ஓய்ந்த பிறகு எஞ்சுவது என்ன? கண்ணிவெடிகளை எடுக்க நிறுவனங்கள் வந்தன. இடிந்த வீடுகளுக்குத் திட்டங்கள் வந்தன. செத்தவர்களை எடுக்க எவரும் வரவில்லை. நெடுங்கேணியைச் சூழ்ந்த காடுகளிலும் அதற்கு அப்பால் மணலாறு, முல்லைத்தீவு, கிளிநொச்சி வரையிலும் மூன்று படைகளின் பிள்ளைகள் விழுந்தார்கள். பஞ்சாபிலிருந்தும் நேபாள மலைகளிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் வந்தவர்கள். அனுராதபுரம், குருநாகல், கண்டி மாவட்டக் கிராமங்களிலிருந்து வந்தவர்கள். இந்த மண்ணிலேயே பிறந்த பெடியளும் பெட்டையளும். அவர்களில் யார் வீடு திரும்பினார்கள், யார் திரும்பவில்லை, ஏன் திரும்பவில்லை என்பதே இந்த இதழின் விடயம்.

கடல் கடந்து வந்தவர்கள்

1987 ஜூலை 29 உடன்படிக்கையோடு இந்திய அமைதிப்படை இலங்கை வந்தது. 1990 மார்ச் 24 அன்று அதன் கடைசி அணி திருகோணமலையில் கப்பலேறியது. இந்த 32 மாதங்களில் ஏறத்தாழ 1,200 இந்தியப் படையினர் இறந்தார்கள். 1987 ஒக்டோபரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகச் சுற்றாடலில் ஹெலிகளிலிருந்து இறங்கிய சீக்கிய இலகு காலாட்படை அணியின் 30 பேரில் 29 பேர் ஒரே இரவில் மடிந்தார்கள். யாழ்ப்பாணச் சண்டைகளுக்குப் பிறகு போர் வன்னிக் காட்டுக்குள் இறங்கியது. 1988, 1989 ஆண்டுகளில் அலம்பில், நித்திகைக்குளம், மணலாறு ஆகிய அடர்காடுகளில் இந்தியப் படை தேடுதல் மேல் தேடுதலாக நடத்தியது. புலிகளின் தலைமைத் தளம் அங்கேதான் இருந்தது.

காட்டுச் சண்டையில் செத்தவனை வெளியே கொண்டுவருவது உயிரோடிருப்பவனுக்கு இன்னொரு சண்டை. மிதிவெடி விதைத்த ஒற்றையடிப் பாதையில், ஹெலி இறங்கக்கூடிய வெளி வரும்வரை தோழர்கள் சுமக்க வேண்டும். அப்படிச் சுமந்து வந்தாலும் உடல் ஊர் போய்ச் சேரும் வழக்கம் அன்றைய இந்தியப் படையில் பெரும்பாலும் இல்லை. களத்துக்கு அருகே எரித்து, சாம்பலையும் உடைமைகளையும் வீட்டுக்கு அனுப்புவதே நடைமுறை. தேசியக் கொடி போர்த்திய பேழை சொந்தக் கிராமத்துக்கே வருவது 1999 கார்கில் போருக்குப் பிறகுதான் பொது வழக்கமாயிற்று. அதனால் வன்னியில் மகனை இழந்த எத்தனையோ இந்தியத் தாய்மார் கடைசியாக முகம் பார்க்கவில்லை.

ஆனாலும் அவர்களுக்கு ஒன்று கிடைத்தது. பெயர் கிடைத்தது. பலாலியில் இருந்த நினைவிடம் 2015-இல் புதுப்பிக்கப்பட்டது. நாடாளுமன்றம் அமைந்துள்ள ஸ்ரீ ஜயவர்த்தனபுர கோட்டையில் இறந்தவர்களின் பெயர் பொறித்த நினைவுத்தூபி நிற்கிறது. இந்தியத் தலைவர்கள் வரும்போது அங்கே மலர்வளையம் வைக்கிறார்கள். இந்தியப் படை இங்கே செய்தவற்றை வன்னிச் சனம் மறக்கவில்லை. இந்தத் தொடரின் முந்திய இதழ்களில் அவற்றை எழுதியிருக்கிறேன். அந்தக் கணக்கு வேறு. செத்த சிப்பாயின் பெயரைக் கல்லில் எழுதும் உரிமை வேறு. அந்த உரிமையை அந்நியப் படையின் சிப்பாய்க்குக் கொடுத்த நாடு, தன் சொந்தப் பிள்ளைகளுக்கு எப்படிக் கொடுத்தது என்று இனிப் பார்ப்போம்.

உடல் கைமாறிய பாதை

வன்னியில் போர்க்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் ஐ.சி.ஆர்.சி. வாகனம் தெரியும். வெள்ளை நிறம், சிவப்புச் சிலுவைக் கொடி. அந்த வாகனம் மருந்தோடு வந்தால் ஆறுதல். பெட்டிகளோடு வந்தால் ஊரே அமைதியாகிவிடும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுதான் இரு தரப்புக்கும் நடுவே உடல்களை ஏற்றி இறக்கியது. படையினர் கைப்பற்றிய புலிகளின் உடல்கள் வவுனியா மருத்துவமனைச் சவச்சாலைக்கு வரும். அங்கிருந்து செஞ்சிலுவைக் குழு பொறுப்பேற்று வன்னிக்குள் கொண்டுபோகும். புலிகள் கையிலிருந்த படையினரின் உடல்கள் எதிர்த் திசையில் போகும். பிந்திய ஆண்டுகளில் ஓமந்தைச் சோதனைச் சாவடியும் கிளிநொச்சி மருத்துவமனையும் இந்தப் பாதையின் இரு முனைகள்.

இது இரு தரப்பின் பெருந்தன்மையால் மட்டும் நடந்ததல்ல. 1949 ஜெனீவா உடன்படிக்கைகளில் முதலாவது, இறந்தவர்களைத் தேட வேண்டும், அடையாளம் பதிய வேண்டும், கண்ணியமாக அடக்கம் செய்ய வேண்டும், கல்லறைக்குக் குறியிட வேண்டும் என்று நாடுகளுக்கிடையிலான போருக்கு விதிக்கிறது. உள்நாட்டுப் போரில் இறந்தவர்களைத் தேடவும் கண்ணியமாக அடக்கவும் கேட்பது 1977-இன் இரண்டாம் மேலதிக நெறிமுறை. இலங்கை போர் நடந்த காலம் முழுவதும் அந்த நெறிமுறையில் சேரவில்லை. எனவே ஒவ்வொரு பரிமாற்றமும் அந்தந்த வேளையின் பேச்சில் தங்கியிருந்தது. பேச்சு முறிந்தால் உடல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

1996 ஜூலையில் முல்லைத்தீவுப் படைத்தளம் வீழ்ந்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட படையினர் இறந்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினரின் உடல்களே தெற்கே போய்ச் சேர்ந்தன. எஞ்சியவை ஆடி வெயிலில் அழுகி, அடையாளம் காணும் நிலையைத் தாண்டிவிட்டன. வன்னி மண்ணிலேயே எரியூட்டப்பட்டன. 1998 செப்டெம்பர் இறுதியில் கிளிநொச்சி வீழ்ந்தபோது செஞ்சிலுவைக் குழுவின் ஊடாக நூற்றுக்கணக்கான உடல்கள் கைமாறின. அவற்றில் பலவற்றுக்குப் பெயர் சொல்ல ஆளில்லை.

மறுபக்கமும் சொல்லப்பட வேண்டும். 2007 ஒக்டோபர் 22 அன்று அனுராதபுரம் விமானப்படைத் தளத்தைத் தாக்கி இறந்த 21 கரும்புலிகளின் உடல்கள் ஆடை களையப்பட்டு, உழவு இயந்திரப் பெட்டியில் அடுக்கப்பட்டு, ஊர் பார்க்கக் கொண்டுசெல்லப்பட்டன. வன்னியில் காத்திருந்தவர்கள் அதைப் படங்களில் பார்த்தார்கள். எந்தப் படையின் பிள்ளைக்கும், எந்தத் தாயின் முன்னாலும், எவரும் செய்யக்கூடாத காரியம் அது.

தகடு

பெயரைக் காப்பது ஒரு சிறு உலோகத் தகடு. ஜெனீவா உடன்படிக்கை அதைப்பற்றிக்கூட நுணுக்கமாகப் பேசுகிறது: இரு பாதியாக உள்ள தகடென்றால் ஒரு பாதி உடலோடு இருக்க வேண்டும், ஒற்றைத் தகடென்றால் அது முழுதாக உடலோடே போக வேண்டும். மண்ணில் துணி மக்கும், சதை கரையும், எலும்பும் மெல்ல மெல்ல உதிரும். இலக்கம் பொறித்த தகடு கிடக்கும்.

புலிகளின் போராளிகள் ‘த.வி.பு.’ என்ற எழுத்துகளும் இலக்கமும் பொறித்த தகடுகளை உடலில் அணிந்தார்கள். இலக்கம் யாருடையது என்பது இயக்கத்தின் பதிவேட்டில் இருந்தது. அந்தப் பதிவேடு 2009-க்குப் பிறகு குடும்பங்களின் கைக்கு வரவில்லை. பூட்டும் சாவியும் வேறுவேறு இடங்களில் கிடப்பதுபோலத் தகடு மண்ணுக்குள்ளும் பெயர் வேறெங்கோவும் இருக்கின்றன.

இலங்கைப் படையினருக்கு நிலைமை வேறு விதமாக மோசமாக இருந்தது. உலக நடைமுறைக்கு ஏற்ற அடையாளத் தகடு பெரும்பாலான சிப்பாய்களிடம் இருக்கவில்லை. இதை நாட்டுக்கு உரத்துச் சொன்னவர் கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச. 1998 செப்டெம்பர் கிளிநொச்சிச் சமரில் அவருடைய மகன், இளம் அதிகாரி, காணாமற்போனார். உடலும் இல்லை, செய்தியும் இல்லை. அவரைப்போல நூற்றுக்கணக்கான சிங்களத் தாய்மார் இருந்தார்கள். விசாகா அவர்களைத் திரட்டி, காணாமற்போன படையினரின் பெற்றோர் அமைப்பைக் கட்டினார். படையினருக்கு முறையான தகடு கொடுங்கள் என்று அரசோடு போராடினார். அதோடு நிற்கவில்லை. புலிகளின் பிரதிநிதிகளை வன்னிக்கே வந்து சந்தித்து, எங்கள் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார். பின்னர் தமிழ்த் தாய்மாரையும் சிங்களத் தாய்மாரையும் சேர்த்துப் போரால் பாதிக்கப்பட்ட பெண்கள் சங்கம் உருவானது. காணாமற்போனோர் பற்றி விசாரித்த பரணகம ஆணைக்குழுவுக்குப் படையினரின் குடும்பங்களிடமிருந்து மட்டும் ஏறத்தாழ 5,000 முறைப்பாடுகள் வந்தன. ‘காணாமற்போனோர்’ என்றதும் தெற்கில் பலர் இதைத் தமிழரின் பிரச்சினை என்று தள்ளிவிடுகிறார்கள். அந்த 5,000 குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

துயிலும் இல்லங்கள்

புலிகளின் முதல் மாவீரரான சங்கர், 1982 நவம்பர் 27 அன்று கடலுக்கு அப்பால், மதுரையில் இறந்தார். அங்கேயே தகனமானார். பிறந்த மண்ணில் அவருக்குக் கல்லறை இல்லை. அந்த நாளையே மாவீரர் நாளாக்கி, 1989-இல் முதல் தடவை விளக்கேற்றியது நெடுங்கேணிக்குக் கிழக்கே நித்திகைக்குளக் காட்டில். இந்தியப் படை சுற்றி வளைத்திருந்த காலம் அது.

1991-இல் கோப்பாயில் தொடங்கி, இறந்த போராளிகளை எரிக்காமல் விதைக்கும் வழக்கம் வந்தது. வன்னியில் முள்ளியவளை, அலம்பில், விசுவமடு, கனகபுரம், களிக்காடு, ஈச்சங்குளம் என்று துயிலும் இல்லங்கள் எழுந்தன. வித்துடல் கிடைத்தவருக்குக் கல்லறை. உடல் கிடைக்காதவருக்கு நினைவுக்கல். இரண்டும் ஒரே வரிசையில் நின்றன. தாய்மார் இரண்டின் முன்னாலும் ஒரேவிதமாகத்தான் அழுதார்கள். தளபதிக்கும் நேற்றுச் சேர்ந்த போராளிக்கும் ஒரே அளவுக் கல்.

1917-இல் பிரித்தானியர் உருவாக்கிய போர்க் கல்லறை ஆணையமும் இதே கொள்கையில்தான் நடந்தது: பதவி பார்க்காமல் ஒரே மாதிரிக் கல், விழுந்த நிலத்துக்கு அருகிலேயே அடக்கம். அந்த ஆணையத்தின் கல்லறைத் தோட்டம் ஒன்றைப் பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருகோணமலை நிலாவெளி வீதியில், இரண்டாம் உலகப் போரில் இறந்த 300-க்கும் மேற்பட்டோர் துயில்கிறார்கள். 30 ஆண்டுப் போர் அந்த வீதியால் வந்து போனது; கல்லறைகள் காக்கப்பட்டன. புல் வெட்டுகிறார்கள், பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். யாரோ ஓர் ஆங்கிலத் தாயின் மகன் என்பதால் நாமும் அதை மதிக்கிறோம்.

நெடுங்கேணித் தாயின் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. 2009-க்குப் பிறகு துயிலும் இல்லங்கள் புல்டோசரால் தரைமட்டமாக்கப்பட்டன. கோப்பாயில் கல்லறைகளின் மேல் படைத் தலைமையகம் எழுந்தது. முகம் பார்த்து, பெயர் எழுதி, முறையாக அடக்கிய பிள்ளைகளும் அன்று பெயரிழந்தார்கள். 2016-இலிருந்து சனம் உடைந்த கல் துண்டுகளைக் குவித்துவைத்து, பற்றை வெட்டி, நவம்பர் 27 மாலை விளக்கேற்றுகிறது. தம் பிள்ளையின் கல் எந்த இடத்தில் இருந்தது என்று மரத்தையும் வேலியையும் வைத்துக் கணக்குப் பார்த்து நிற்கும் முதியவர்களை அங்கே காணலாம்.

கொக்குத்தொடுவாய்

2023 ஜூன் 29. முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்க வீதியோரம் மண் தோண்டியபோது எலும்புகளும் உடைத் துண்டுகளும் வெளிப்பட்டன. முல்லைத்தீவு நீதிவான் நீதிமன்றத்தின் மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்வு நடந்தது. 2023 செப்டெம்பர், நவம்பர், 2024 ஜூலை என்று மூன்று கட்டங்கள். மொத்தம் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. பெண்களின் உள்ளாடைகள், பச்சைச் சீருடைத் துணி, இலக்கத் தகடுகள் எலும்புகளோடு சேர்ந்தே கிடந்தன. இவர்கள் புலிகளின் போராளிகளாக இருக்கலாம் என்பதும், புதைக்கப்பட்ட காலம் 1994-க்கும் 1996-க்கும் இடைப்பட்டது என்பதும் சோமதேவவின் அறிக்கை தரும் முடிவுகள்.

இந்தக் காலக் கணிப்பை நெடுங்கேணிப் பக்கத்துச் சனம் வாசித்தால் உடனே ஒரு நாள் நினைவுக்கு வரும்: 1995 ஜூலை 28. மணலாற்றுப் படைமுகாம்கள் மீது புலிகள் அன்று நடத்திய தாக்குதல் பேரிழப்பில் முடிந்தது. இறந்தவர்களில் பெண் போராளிகள் பலர். உடல்கள் படையினரின் எல்லைக்குள் கிடந்தன. கொக்குத்தொடுவாயில் கிடைத்தவர்கள் அவர்களா, பிடிபட்ட பின் கொல்லப்பட்டவர்களா, வேறு எவருமா என்பதை நீதிமன்றமும் மருத்துவ அறிக்கைகளும்தான் தீர்க்க வேண்டும். ஆனால் ஒன்று இப்போதே தெளிவு. கொக்குத்தொடுவாய் மக்கள் 1984 டிசெம்பரில் துரத்தப்பட்டு, போர் முடிந்த பின்னரே ஊர் மீண்டார்கள். 1994-க்கும் 1996-க்கும் இடையில் அங்கே குழி தோண்டக்கூடிய நிலையில் இருந்தவர்கள் படையினர். ஒரு படை இத்தனை பேரைப் புதைத்தால் அது யாருக்கேனும் தெரியும். ஒரு கட்டளை இருந்திருக்கும், ஒரு குறிப்பு இருந்திருக்கும், மண்வெட்டி பிடித்த கைகள் இன்றும் உயிரோடிருக்கும். அந்தச் சொல் இன்னும் வெளியே வரவில்லை.

எழுதிவைத்த எதிரி

அந்தச் சொல் வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு உலகத்தில் ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 1982-இல் மால்வினாஸ், பிரித்தானியர் ஃபோக்லாந்து என்று சொல்லும் தீவுகளுக்காக ஆர்ஜென்டினாவும் பிரித்தானியாவும் போரிட்டன. ஆர்ஜென்டினா தரப்பில் 649 பேர் இறந்தார்கள். களமெங்கும் சிதறிக் கிடந்த அவர்களின் உடல்களைச் சேர்க்க 1983 தொடக்கத்தில் பிரித்தானியா அனுப்பிய இளம் அதிகாரி ஜெஃப்ரி கார்டோசோ. தகடு இல்லாத உடல்களே அதிகம். அவர் ஒவ்வொரு உடலையும் உறைகளில் பத்திரமாகச் சுற்றினார். எங்கே கண்டெடுத்தார், சட்டைப்பையில் என்ன இருந்தது, எந்தக் குழியில் வைத்தார் என்று ஒவ்வொன்றையும் எழுதினார். டார்வின் என்னும் இடத்தில் மயானம் அமைத்தார். பெயர் தெரியாத கல்லறைகளின் மேல் ‘இறைவன் மட்டுமே அறிந்த ஆர்ஜென்டினச் சிப்பாய்’ என்று பொறித்தார்கள்.

2008-இல் லண்டன் வந்த ஓர் ஆர்ஜென்டின முன்னாள் சிப்பாயிடம் கார்டோசோ தன் குறிப்புகளின் பிரதியைக் கொடுத்தார். இரு அரசுகளும் 2016-இல் உடன்பட்டன. 2017-இல் செஞ்சிலுவைக் குழு 121 கல்லறைகளைத் திறந்து, குடும்பங்களின் மரபணுவோடு ஒப்பிட்டது. நூறுக்கும் மேற்பட்டோருக்குப் பெயர் திரும்பக் கிடைத்தது. முதிய தாய்மார் கடல் கடந்து போய், மகனின் பெயர் எழுதிய கல்லைத் தொட்டார்கள். தீவு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை. அது தீரும்வரை தாய்மார் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை.

சைப்பிரஸிலும் இப்படித்தான். கிரேக்க, துருக்கியச் சமூகங்கள் சேர்ந்து 1981-இல் காணாமற்போனோர் குழுவை அமைத்தன. 2,002 பேர் பட்டியலில் இருந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இதுவரை அடையாளம் காணப்பட்டிருக்கிறார்கள். இரு சமூகத்து விஞ்ஞானிகளும் ஒரே குழியில் இறங்கித் தோண்டுகிறார்கள். நாடு இன்னும் இரண்டாகவே இருக்கிறது. பொஸ்னியாவில் ஸ்ரெப்ரெனிட்சாவில் கொல்லப்பட்ட ஏறத்தாழ 8,000 பேரில் பெரும்பாலானோர், புலம்பெயர்ந்த உறவினர்களும் கொடுத்த இரத்த மாதிரிகளால் பெயர் பெற்றார்கள்.

இனிச் செய்ய வேண்டியது

இலங்கையில் 2016-இன் 14-ஆம் இலக்கச் சட்டத்தால் காணாமற்போனோர் பற்றிய அலுவலகம் உருவானது. போரில் காணாமற்போன படையினரும் அதன் பொறுப்பில் அடங்குவார்கள். வடக்கில் உறவுகளைத் தேடும் தாய்மார் அந்த அலுவலகத்தை நம்பவில்லை. 2017-இலிருந்து வீதியோரப் பந்தல்களில் இருந்து, சர்வதேச நீதி விசாரணையே வேண்டும் என்கிறார்கள். சரணடைந்தவர்களும் கையளிக்கப்பட்டவர்களும் எங்கே என்று கேட்பவர்களிடம் எலும்பைத் தேடச் சொல்வது அநீதி. அவர்களின் கேள்விக்கு உயிரோடிருப்பவர்கள் பதில் சொல்ல வேண்டும். இந்த இதழ் பேசுவது களத்தில் விழுந்தவர்களைப் பற்றி. அவர்கள் விடயத்தில் மறைக்க எதுவுமில்லை என்று இரு தரப்பும் சொல்லிக்கொள்ளும்போது, பெயர்கள் மட்டும் ஏன் மறைந்து கிடக்க வேண்டும்?

அரசிடம் கேட்பது மூன்று. மணலாற்றிலும் ஜயசிக்குறுக் களங்களிலும் படையினர் செய்த அடக்கங்களின் குறிப்புகளை நீதிமன்றத்தின் முன் வையுங்கள். கைப்பற்றிய புலிகளின் பதிவேடுகளில் தகட்டிலக்கப் பட்டியல் இருந்தால் குடும்பங்களுக்குத் திறந்துவிடுங்கள். தமிழரும் சிங்களவரும் அச்சமின்றி மரபணு மாதிரி கொடுக்கக்கூடிய, சர்வதேசக் கண்காணிப்பில் உள்ள ஓர் ஏற்பாட்டைச் செய்யுங்கள்.

வாசகர்களிடமும் கேட்க இருக்கிறது. நெடுங்கேணி, ஒதியமலை, மருதோடை, ஒலுமடு, ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெரியவர்களே, காட்டுக்குள் தேனெடுக்கவும் விறகு வெட்டவும் போன இடத்தில் உடல் கண்டு மண் தள்ளி மூடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அது எந்தப் படையின் உடலாகவும் இருக்கட்டும். எந்தக் குளத்துக்கு அருகே, எந்த மரத்தடியில், எந்த ஆண்டு என்பதை ஒரு கொப்பியில் எழுதி, நீங்கள் நம்பும் ஒரு சட்டத்தரணியிடமோ மதகுருவிடமோ கொடுத்து வையுங்கள். முன்னாள் போராளிகளே, உங்கள் அணியில் விழுந்தவர்களின் பெயரையும் இடத்தையும் நீங்கள்தான் அறிவீர்கள். புலம்பெயர்ந்த உறவுகளே, உங்கள் அண்ணனோ அக்காவோ அணிந்த தகட்டின் இலக்கம் பழைய கடிதத்திலோ படத்திலோ இருக்கலாம், தேடி எடுங்கள். பெற்றோர் ஒவ்வொருவராய்ப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண் மூடுமுன் எழுதுங்கள்.

(தொடரும்)